பெட்டிக்குத் தீட்டு

"உன்னை எனக்குத் தெரியும், ஆனா உள்ளே விடறதுக்கில்லை"ன்னு ஒரு பெட்டி என்னைப் பார்த்துச் சொன்னா எனக்குக் கோபம் வருமா, வராதா? அதுவும் நான் தினம் ஈரத்துணியால தூசி துடைக்கற பெட்டி! அன்னிக்குக் காலம்பற ஒன்பது மணிக்கு அது அப்படித்தான் சொல்லித்து. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள நான் யுனிவர்சிடிக்கு என் ஆய்வேட்டை அனுப்பியாகணும். ஆய்வேடு அந்தப் பெட்டிக்குள்ள இருந்தது.

ஹால்ல டி.வி.க்குப் பக்கத்துல செங்கல் மாதிரி உட்கார்ந்துண்டு பச்சை விளக்கைச் சிமிட்டிண்டிருக்குமே, அதைத்தான் சொல்றேன். என் பிள்ளை அச்சுத் வாங்கி வெச்சது. அவன் ஸ்ரீ சிட்டில ஒரு தொழிற்சாலைல கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கற வேலைல இருக்கான், அங்கேயே ரூம் எடுத்துத் தங்கல். "அம்மா, உன் லேப்டாப் எப்ப வேணா மண்டையைப் போடும். எது எழுதினாலும் பெட்டில போடு. உள்ள ரெண்டு டிஸ்க், ஒண்ணு போனா இன்னொண்ணு காப்பாத்தும்"னான். வைஃபை மூலமா ஆத்துல எந்த மூலைல உட்கார்ந்தும் திறக்கலாம். நாலு பேருக்கும் தனித்தனியா பேர், பாஸ்வேர்டு போட்டுக் குடுத்தான். என் ஆத்துக்காரர் தோதாத்ரி கோவில்ல பிரபந்தம் சேவிக்கற கோஷ்டில இருக்கார். அவர் சேவிச்சதை எல்லாம் பதிவு பண்ணி அதுக்குள்ள போட்டிருக்கு. பொண்ணு மைத்ரேயி கல்யாணமாகி சித்தூர்ல இருக்கா, அவ கல்யாண போட்டோ ஆயிரத்து எண்ணூறும் அதுக்குள்ளதான். எனக்கு என் ஆய்வேடு.

ஐம்பத்து மூணு வயசுல ஆய்வேடாவது, கத்தரிக்காயாவதுன்னு சிரிக்காதேங்கோ. தபால்ல எம்.ஏ. தமிழ் படிக்கறேன். தலைப்பு, 'திருப்பதி வைணவ அகங்களின் பேச்சுத் தமிழ்.' தமிழையும் தெலுங்கையும் பிசைஞ்சு நாங்க பேசற பேச்சைக் காது குடுத்துக் கேட்டு, ரெண்டு வருஷம் சீட்டு சீட்டா எழுதி, ஒத்தை விரலால தட்டித் தட்டி எண்பத்து நாலு பக்கம் ஆக்கினேன். என் கைடு நளினி மேடம் நாலாவது அத்தியாயத்தை மட்டும் அஞ்சு தடவை திருப்பி எழுத வெச்சா. முந்தின நாள் மத்தியானம்தான் அது முடிஞ்சுது. மெயில்ல இருந்தது மூணு வாரத்துப் பழசு, அதுல நாலாவது அத்தியாயமே கிடையாது. இந்தத் தடவை தவறினா இன்னும் ஒரு வருஷம் காத்துண்டிருக்கணும்.

ஆத்துக்காரரோ ஆரம்பத்துலேயே, "நாம ஆத்துல பேசிக்கறதை எழுதினா பட்டம் குடுப்பாளா? நன்னாருக்கு போ"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டார். ரெண்டு வருஷத்துல ஒரு நாள்கூட, எத்தனை பக்கம் ஆச்சுன்னு வாயைத் திறந்து கேட்டதில்லை. எனக்கு அது குறைதான். கேட்டு வாங்கற விஷயமா அது? அதனால நானும் சொல்லிக்கலை.

அன்னிக்குன்னு பார்த்து மனுஷர் வேற ஒரு தினுசா இருந்தார். விடியறதுக்கு முன்னாலேயே குளிச்சுட்டு, ஈர வேஷ்டியோட கொல்லைல துணி தோய்க்கற கல் மேல போய் உட்கார்ந்துண்டார்.

"கோஷ்டிக்குப் போகலையா?"ன்னேன்.

"முதுகு பிடிச்சுண்டிருக்கு. பெருமாளுக்கு இன்னிக்கு நீயே ரெண்டு திராட்சையைக் காட்டிடு."

காப்பியை நீட்டினா, "கீழே வெச்சுட்டுப் போ"ங்கறார். முதுகு பிடிச்சவருக்குக் குனிஞ்சு எடுக்க மட்டும் முடியுமாக்கும்! ணங்குன்னு வெச்சுட்டு வந்தேன். எனக்கு இருந்த அவசரத்துல அவர் கோணங்கித்தனத்தை எல்லாம் ஆராய்ச்சி பண்ண நேரம் ஏது?

லேப்டாப்பைத் திறந்தேன். பெட்டி இருக்கற இடத்தைச் சொடுக்கினேன். 'உங்களுக்கு இதைத் திறக்க அனுமதி இல்லை. நிர்வாகியை அணுகவும்'னு வந்தது. நிர்வாகி யாரு? அச்சுத்! அவனோ ஒன்பது மணிக்கு உள்ளே போனா சாயங்காலம் அஞ்சரை வரைக்கும் போனைக் கையால தொடக் கூடாது. அவன் வேலை பண்ற இடத்துல கேட்லேயே போனை வாங்கி லாக்கர்ல பூட்டிடுவா. இருந்தாலும் பதினொரு தடவை அடிச்சேன். பதினொரு தடவையும் அது பாட்டுக்கு அடிச்சு ஓய்ஞ்சுது.

சரி, நமக்குத் தெரிஞ்ச வைத்தியத்தைப் பண்ணுவோம்னு லேப்டாப்பை அணைச்சுப் போட்டேன். ரௌடரை அணைச்சுப் போட்டேன். பெட்டியையே அணைச்சு, பத்து எண்ணி, மறுபடி போட்டேன். கேபிளைப் பிடுங்கி, வாயால ஊதி, சொருகினேன். பாஸ்வேர்டு தப்போன்னு வேணும்னே தப்பாப் போட்டுப் பார்த்தேன், 'பாஸ்வேர்டு தவறு'ன்னுது. சரியாப் போட்டா 'அனுமதி இல்லை'ங்கறது. அப்படின்னா நான் பூமாதான்னு அதுக்கு நன்னாவே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுண்டே கதவைச் சாத்தறது! டி.வி.ல ஆத்துக்காரர் பேர்ல திறந்து பார்த்தேன், அவர் சேவிச்சதை அவருக்கே தர மாட்டேங்கறது. அச்சுத்தோட பழைய பாஸ்வேர்டை ஒரு காலண்டர் பின்னால கிறுக்கி வெச்சிருந்தேன். அதையும் டி.வி.லேயே போட்டா, வாங்கி வெச்ச மகராஜனுக்கும் அனுமதி இல்லை.

பத்தரை மணிக்கு இன்டர்நெட் கனெக்ஷன் குடுத்த பவன்குமாரைக் கூப்பிட்டேன். தெலுங்குப் பிள்ளை, தங்கமான குணம், ஆனா எதைப் பார்த்தாலும் திருகிப் பார்க்கணும்னு கை துறுதுறுங்கும். வந்தான், பெட்டியைத் தலைகீழாத் திருப்பினான், என் லேப்டாப்பைப் பார்த்தான்.

"மேடம், பர்மிஷன் லேது அண்டோந்தி"ன்னான்.

"அனுமதி இல்லைங்கறதுன்னுதானேடா நான் உன்னைக் கூப்பிட்டதே! அதைத் தெலுங்குல சொல்லத்தான் வந்தியா?"

அவன் பின்பக்கம் ஒரு பொடித் துவாரத்தைக் காமிச்சு, இதுல ஒரு ஊசியால குத்தினா எல்லாம் புதுசா ஆயிடும்னான். எல்லாம்னா எதுடான்னேன். செட்டிங்னான். பைல் எல்லாம் இருக்குமான்னேன். "ஏம் காது மேடம், உண்டாயி"ன்னான், ஒண்ணும் ஆகாது, இருக்கும்னு. சத்தியமா இருக்குமான்னேன். மேல ஃபேனைப் பார்த்தான். ஃபேனைப் பார்க்கறவனை நம்பி எண்பத்து நாலு பக்கத்தைக் குடுப்பேனா? அவனுக்கு ஒரு டம்ளர் மோர் குடுத்து, ஊசியைப் பிடுங்கிண்டு அனுப்பினேன்.

கொல்லைக்குப் போய் ஆத்துக்காரர்கிட்ட புலம்பினேன். "பெட்டி திறக்க மாட்டேங்கறது. அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்."

அவர் எழுந்து நாலடி தள்ளிப் போய் நின்னுண்டார். "இன்னும் அனுப்பலையா? காலம்பறயே அனுப்பியிருப்பேன்னு நினைச்சேனே!"ன்னு கத்தினார்.

"எப்படி அனுப்பறது? அதான் திறக்கலைன்னேனே!"

"அச்சுத்தைக் கூப்பிடு!"

"எடுக்கலை."

"நல்ல பிள்ளை"ன்னார். அப்புறம் என்ன நினைச்சாரோ, "நான் என்னத்தைக் கண்டேன். சீக்கிரம் பண்ணு போ, போ"ன்னு கோழியை விரட்டற மாதிரி விரட்டினார். இந்த மனுஷருக்கு எதுக்கு இத்தனை பரபரப்புன்னு எனக்குப் புரியலை. நானாவது அழறேன், இவருக்கு என்ன வந்தது?

மைத்ரேயி புத்தலப்பட்டுல ஒரு ஸ்கூல்ல கணக்கு டீச்சர். மத்தியான இடைவேளைலதான் போன் எடுப்பா. ஒரு மணி ஆகறதுக்குள்ள நான் ஹாலுக்கும் சமையல் பண்ற தளிகை உள்ளுக்கும் நாப்பது நடை நடந்திருப்பேன். போனை எடுத்தா, எல்லாத்தையும் கேட்டுண்டா.

"அம்மா, என் பேர் இன்னும் பெட்டில இருக்கும். கல்யாணத்துக்கு அப்புறம் அச்சுத் எடுக்கலை. என் பேர்ல போய்ப் பாரேன்."

"பாஸ்வேர்டைச் சொல்லு."

இழுத்தா. "சொல்லியே ஆகணுமா?"

"இல்லை, நான் வெத்தலைல மை போட்டுப் பார்த்துக்கறேன். சொல்லுடீ!"

"அப்பாவுக்குத் தெரியாது, எல்லாம் சின்ன எழுத்து இங்கிலீஷ்ல, சேர்த்துப் போடு, கடைசில ரெண்டு, நாலு."

அப்பாவுக்கு எது தெரியாதுன்னு ஒரு நாள் சாவகாசமா விசாரிக்கணும்னு மனசுல குறிச்சு வெச்சுண்டு போட்டேன். அப்பவும் திறக்கலை. இந்தத் தடவை வேற வியாக்யானம். ஒரே ஆள் ரெண்டு பேர்ல ஒரே பெட்டிக்குள்ள வர முடியாதாம். லேப்டாப் முன்னாடி போட்ட என் பேரை ஞாபகம் வெச்சுண்டு அதையே நீட்டிண்டிருக்காம்.

"உன் பேரை முதல்ல வெளியே அனுப்பணும்மா. கண்ட்ரோல் பேனலைத் திற. பாஸ்வேர்டெல்லாம் சேர்த்து வெச்சிருக்கற இடம்னு ஒண்ணு இருக்கும். அதுல பெட்டி பேர் இருக்கா? அழி. இப்ப ரீஸ்டார்ட் பண்ணு."

என் ஆத்துல நான் வெளியே போனாத்தான் என் பொண்ணு உள்ளே வரலாம்! சரின்னு போனேன். லேப்டாப் அணைஞ்சு எழுந்துக்கறதுக்குள்ள எனக்கு ஒரு யுகம். மைத்ரேயி பேரைப் போட்டேன், அப்பாவுக்குத் தெரியாததைப் போட்டேன்.

திறந்துடுத்து!

அம்மாடி! கல்யாண போட்டோ, பிரபந்தம், என் ஆய்வேடு, எல்லாம் வரிசையா அப்படியே இருந்தது. முதல் காரியமா ஆய்வேட்டை எடுத்து லேப்டாப்லேயே ஒரு காப்பி போட்டுண்டேன். நாலாவது அத்தியாயம் இருக்கான்னு பார்த்தேன், இருந்தது. கண்ல தண்ணி வந்துடுத்து.

"பார்த்தியா!"ன்னா மைத்ரேயி. "ஆனா ஏம்மா எனக்கு மட்டும் திறக்கறது? உங்க மூணு பேருக்கும் இல்லை, எனக்கு மட்டும் உண்டுன்னா என்ன கணக்கு இது?"

கணக்கு டீச்சர் கேட்டாளே கேள்வி. நானும் யோசிச்சேன். எங்க மூணு பேருக்கும் அவளுக்கும் என்ன வித்யாசம்? அவ கல்யாணமாகிப் போனவ. வேற ஆம். வேற கோத்ரம்.

கோத்ரம்னு நினைச்ச மாத்திரத்துல பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

போன சித்திரைல எங்க தாயாதி ஒருத்தர் தவறிப் போய் எங்களுக்குப் பத்து நாள் தீட்டு. தீட்டுல பிரபந்தம் சேவிக்கக் கூடாது, ஆத்துல அதை ஓட விடவும் கூடாதுன்னு எங்காத்துக்காரர் சட்டம். நான் மறந்து போய், வழக்கம் போலக் காலம்பற அவர் பதிவைப் போட்டுண்டு கீரை நறுக்கிண்டிருந்தேன். வந்தாரே ஒரு வரத்து! அந்தச் சண்டையைப் பார்த்த அச்சுத், "இனிமே மறக்கவே முடியாதபடி பண்ணிடறேன்"னு பெட்டிக்குள்ள 'தீட்டு'ன்னு ஒரு பிரிவை உண்டாக்கினான். தீட்டு வந்தா, யாருக்கெல்லாம் உண்டோ அவா பேருக்கு நேரா ஒரு டிக்; கல்யாணமாகி வேற கோத்ரம் போன மைத்ரேயிக்குக் கிடையாது. டிக் இருக்கற வரைக்கும் பிரபந்தம் திறக்காது. வேற எந்த விதத்துல அனுமதி இருந்தாலும், இந்த ஒரு 'இல்லை' எல்லாத்தையும் அடிச்சுடும். போன்லேர்ந்தே டிக் போடலாம், ஊர்ல எங்க இருந்தாலும் போடலாம்னு பெருமை வேற அடிச்சுண்டான். அதுக்கப்புறம் தீட்டே வரலை. அதனால அந்தக் கடங்காரன் பிரபந்தத்துக்கு மட்டும் போட வேண்டிய பூட்டை மொத்தப் பெட்டிக்கும் போட்டு வெச்சிருக்கான்னு யாருக்குமே தெரியலை.

"மைத்ரேயி"ன்னேன். "யாரோ போயிருக்கா. அச்சுத் டிக் போட்டிருக்கான்."

"அய்யோ! யாரு? இரு, நான் காஞ்சிபுரத்துல தாயாதியாத்துக்குப் போன் பண்ணி…"

"வாயை மூடு! யாரையும் கேக்காதே. கேட்டாலும் என்கிட்ட சொல்லாதே. காதுல விழுந்தாத்தானேடீ தீட்டு!"

எங்களவாளுக்கு இது அத்துப்படி. சாவு நடந்த உடனே தீட்டு வந்து ஒட்டிக்கறதில்லை, சேதி காதுல விழணும். கல்யாண ஆத்துல சேதி வந்தா எவனாவது ஒருத்தன் அதை முழுங்கிண்டு, தாலி கட்டி முடியற வரைக்கும் சிரிச்ச முகத்தோட பந்தி விசாரிச்சுண்டிருப்பான். அப்புறம் ஓரமாக் கூப்பிட்டுச் சொல்லுவான். காதுல விழுந்த க்ஷணம் கட்டின துணியோட தலைக்கு விட்டுக்கணும், தளிகையை நிறுத்தணும், அடுத்த பஸ்ஸைப் பிடிக்கணும். பத்து நாளைக்கு நல்ல காரியம் எதையும் ஆரம்பிக்கவும் கூடாது, முடிக்கவும் கூடாது. ஆத்துக்காரர் என்ன சொல்லுவார்னு எனக்குத் தெரியாதா? "பத்து நாள் கழிச்சு அனுப்பிக்கோ"ம்பார். யுனிவர்சிடிக்குத் தாயாதி உண்டா, தீட்டு உண்டா? அதோட, பொய் சொல்லுவானேன், காதுல விழுந்தப்புறம் அனுப்பற தைரியம் எனக்கும் கிடையாது.

ஊகம் பண்ணினது கேட்டதாகுமான்னு மனசுக்குள்ள ஒரு வழக்கு நடந்தது. பெட்டிக்கு வாய் ஏது? யார் பேரையும் அது சொல்லலை. ஆகாதுன்னு நானே தீர்ப்புச் சொல்லிண்டேன். ஆனாலும் யாரு, யாருன்னு மனசு கிடந்து அடிச்சுண்டுது. எங்க தாயாதி ஒவ்வொருத்தரையா நினைச்சு, இவரா இருக்கக் கூடாது, இவரா இருக்கக் கூடாதுன்னு எல்லாருக்கும் ஆயுசு குடுத்துண்டே வந்தேன். எல்லாருக்கும் குடுத்தா எப்படி, ஒருத்தராவது போயிருந்தாத்தானே டிக் விழும்!

அப்புறம்தான் இன்னொரு பயம் பிடிச்சுது. ஆத்துக்காரர் காதுல விழுந்துட்டா? அந்த மனுஷருக்கு ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கத் தெரியாது, அடுத்த நிமிஷம் தெருவுக்கே தெரிஞ்சுடும். அவர் பட்டன் போன் ஹால் அலமாரில இருந்தது. சத்தம் போடாம எடுத்து அரிசி டிரம்முக்குள்ள விட்டு, மேல ரெண்டு படி அரிசியைத் தள்ளி மூடினேன். பாவம்தான், பெருமாள் மன்னிக்கணும்.

ரெண்டரை மணிக்கு அவர் ஹால்ல பூனை நடை நடந்துண்டு அலமாரியைத் துழாவறார்.

"என்ன தேடறேள்?"

"ஒண்ணுமில்லை. என் போன்."

"எதுக்கு?"

"எதுக்கா? யாராவது கூப்பிட்டா எடுக்க வேண்டாமா? அது எடுக்கலைன்னா உன் போனுக்குக் கூப்பிடுவா."

"கூப்பிடட்டுமே. நான் பேசிக்கறேன்."

"நீ பேசப்படாது!"ன்னு அலறினார். அப்புறம் குரலைத் தாழ்த்திண்டு, "உனக்கு வேலை இருக்கு. உன் போனை அணைச்சு வை"ன்னார்.

அணைச்சு வெச்சா யுனிவர்சிடிலேர்ந்து வர ரகசிய எண் எப்படி வரும்? முடியாதுன்னேன். அவர் கையைப் பிசைஞ்சுண்டு, என் மேல பட்டுடாம சுவரோட ஒட்டி நடந்து மறுபடி கொல்லைக்குப் போனார். முதுகு பிடிச்சவர் நடையா அது? துளி சந்தேகம் வந்துது. ஆனா ஆய்வேட்டை இன்னும் பி.டி.எப். ஆக்கணும், உறுதிமொழிப் பக்கத்தைச் சேர்க்கணும், பக்க எண் வேற முப்பத்தொண்ணுக்கு அப்புறம் மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சிருந்தது. சந்தேகத்தைத் தள்ளி வெச்சேன்.

மூணு மணிக்கு யுனிவர்சிடி பக்கம் திறக்கலை. கடைசி நாள் பாருங்கோ, ஊர்ல இருக்கற அத்தனை பேரும் முட்டிண்டிருப்பா. மூணேமுக்காலுக்குத் திறந்தது, ரகசிய எண் போட்டேன், பைல் ரொம்பப் பெரிசுன்னு திருப்பி அடிச்சுது. மைத்ரேயி அடுத்த இடைவேளைல போன்ல வந்து, படங்களைச் சின்னதாக்கற வழியைச் சொன்னா. நாலு இருபதுக்கு மறுபடி ஏத்தினேன். நீலக் கோடு நத்தை மாதிரி நகர ஆரம்பிச்சுது. பத்து சதவீதம். பதினாலு.

அப்போ என் போன் அடிச்சுது. மேஜை மேல வெச்சிருந்தேன். திரைல 'காஞ்சிபுரம் மன்னி'.

கொல்லைலேர்ந்து அவர் ஓடி வந்தார். ஐம்பத்தொன்பது வயசுல அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. வாசப்படிலேயே நின்னுட்டார். நானும் கையைப் பின்னால கட்டிண்டு நின்னேன். போன் அடிச்சுண்டே இருக்கு.

"எடுக்காதே"ன்னார். "லோன் வேணுமான்னு கேக்கறவனா இருக்கும்."

அவர் நின்ன இடத்துலேர்ந்து திரை தெரியாது. "ஆமா, ஆமா. அவனேதான்"ன்னேன்.

"எடுக்கவே எடுக்காதே."

"நான் ஏன் எடுக்கறேன்!"

அடிச்சு ஓய்ஞ்சுது. ரெண்டு பேரும் ஒரே சமயத்துல மூச்சு விட்டோம். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். போன் அடிச்சா, தெரியாத எண்ணா இருந்தாக்கூட எடுத்து, "யாருப்பா, எந்த ஊரு, சாப்பிட்டாச்சா?"ன்னு கேக்கற மனுஷர் இவர். விடியக்காலைல குளியல், ஈர வேஷ்டி, காப்பியைக் கையால வாங்கலை, பெருமாள் உள்ளுக்குப் போகலை, என்னைத் தொடலை. எனக்கு எல்லாம் ஒரே நொடில விளங்கிடுத்து. ஆனா கோடு அப்பத்தான் அறுபதுல இருந்தது. நான் வாயைத் திறக்கலை. அவரும் திறக்கலை. அந்த ஹால்ல அந்தக் கோடு மட்டும் நகர்ந்துண்டிருந்தது.

நாலு நாப்பத்தொண்ணுக்கு 'பெறப்பட்டது'ன்னு வந்தது, கீழே ஒரு பதிவு எண்ணோட. அதை நோட்டுல எழுதிண்டு, ஒரு தடவைக்கு ரெண்டு தடவை சரி பார்த்துண்டு, கொல்லைக்குப் போனேன். அவர் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல ரெண்டு வாளி நிறையத் தண்ணி பிடிச்சு வெச்சுண்டு நின்னுண்டிருந்தார்.

"போயிடுத்தா?"

"போயிடுத்து. நம்பர் வந்துடுத்து."

"பாக்கி ஒண்ணும் இல்லையே? இன்னொரு தடவை அனுப்பணும், கையெழுத்துப் போடணும்னு ஒண்ணும் சொல்ல மாட்டாளே?"

"இல்லை. முடிஞ்சுது."

"அப்போ கேட்டுக்கோ. நம்ம தாயாதி, காஞ்சிபுரத்து வரதராஜன் பரமபதிச்சுட்டார். காலம்பற நாலே முக்காலுக்கு எனக்குப் போன் வந்தது. தொண்ணூத்தொரு வயசு. தூக்கத்துலேயே போயிட்டார்."

வரதராஜனை நான் பார்த்தது ஒரே தடவை, எங்க கல்யாணத்துல. சாத்தமுதுல, அதான் ரசத்துல, உப்பு இல்லைன்னு பாதிப் பந்தில எழுந்து போனவர். நல்ல சாவு, நிறைஞ்ச வயசு. பெருமாளேன்னு சொல்லிண்டு, கட்டின புடவையோட ரெண்டு வாளியையும் தலைக்கு விட்டுண்டேன்.

"நீங்க பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேளே, ஏன் சொல்லலை?"ன்னு கேட்டேன், பல் கிடுகிடுக்க.

"சொன்னா நீ அனுப்பியிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான். தெரிஞ்சவன் நான் ஒருத்தன் விலகி இருந்தாப் போறாதா? தகனம் மத்தியானமேன்னா, பத்தாம் நாளைக்கு வரேன்னு அப்பவே சொல்லிட்டேன். அச்சுத்துக்கு மட்டும் சொன்னேன், குளிச்சுட்டு வேலைக்குப் போடா, அம்மாகிட்ட மூச்சு விடாதேன்னு. அவன் விடலையோன்னோ?"

"அவன் விடலை. பெட்டிகிட்ட சொல்லிட்டான்"ன்னேன். டிக் கதையைச் சொன்னேன். கேட்டுண்டே வந்தவர் நெத்தில அடிச்சுண்டார். "நாள் முழுக்க முதுகு வலிக்கறதுன்னு பொய் சொல்லி, கல்லு மேல உட்கார்ந்து நிஜமாவே முதுகு வலி வந்துடுத்து. கடைசில என்னாலதான் உனக்குத் திறக்கலையா!"ன்னார். நான் சிரிச்சுட்டேன். தீட்டு ஆத்துல சிரிக்கக் கூடாதுதான், வரதராஜன் தப்பா நினைச்சுக்கட்டும். அஞ்சரை மணிக்கு அச்சுத் கூப்பிட்டு, "அம்மா, இப்பத்தான் ஞாபகம் வந்தது, மூணு பேருக்கும் டிக் போட்டுட்டேன், பிரபந்தம் மட்டும்தானே பூட்டும்?"னு அப்பாவியாக் கேட்டான். அவனுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

சாயங்காலம் இருட்டினப்புறம் அவர் ஹால்ல வந்து உட்கார்ந்தார். உட்கார முடியலை, எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். அந்த வேளைக்குக் கோவில்ல இருக்கற மனுஷர்.

"பத்து நாளைக்குப் பிரபந்தத்தைத் தொட முடியாது"ன்னார். "படிக்க ஆத்துல வேற ஒண்ணும் இல்லை. அதைக் குடு."

"எதை?"

"அதான். நீ எழுதினியே. எத்தனை பக்கம் அது?"

எண்பத்து நாலுன்னேன். ரெண்டு வருஷமா நான் காத்திருந்த கேள்வி. லேப்டாப்பை அவர் மடில வெச்சு, பக்கத்தை எப்படித் தள்றதுன்னு காமிச்சுட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். எனக்குப் பயம் வேற. நாலாவது அத்தியாயம் வசவுச் சொற்கள். தமிழும் தெலுங்குமா அறுபத்திரண்டு வசவு, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல 'கூறியவர்: தோதாத்ரி, வயது 59.' கைடு அஞ்சு தடவை திருப்பினதே, ஒரே மனுஷர் இத்தனையும் சொல்லியிருப்பாரான்னு நம்பாமத்தான்.

ஒரு மணி நேரம் ஆச்சு. மூக்குக் கண்ணாடியைத் தள்ளித் தள்ளிப் படிச்சார். நடுவுல ஒரு இடத்துல நின்னுட்டார். அங்கேதான் வந்திருக்கார்னு எனக்குத் தெரிஞ்சுடுத்து. விரல் வெச்சு ஒண்ணொண்ணா எண்ணிண்டே போனார், உதடு அசையறது. அறுபத்திரண்டும் முடிஞ்சுது. நிமிர்ந்தார்.

"பூமா, இதுல ஒண்ணு விட்டுப் போச்சு."

"எது?"

"இப்பச் சொல்ல மாட்டேன். அடுத்தது டாக்டர் பட்டம்னு ஒண்ணு இருக்காமே, அதுக்கு எழுதுவியோன்னோ? அப்பக் கேளு, சொல்றேன்."

எனக்கு அழுகை பொத்துண்டு வந்துடுத்து. தீட்டு ஆம்தானே, கேக்கறவா எல்லாரும் வரதராஜனுக்காக அழறேன்னு நினைச்சுக்கட்டும்னு வாய்விட்டே அழுதேன்.